அம்மாவுக்கும் ஒரு பாடம்

பதினைந்து வயதுப் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாய்க் கதவைப் படாரென்று சாத்திக்கொள்கிறாள். கூப்பிட்டால் பதில் இல்லை. "திமிர்" என்கிறார் அப்பா. "வயசுக் கோளாறு" என்கிறாள் பாட்டி. தாய்மார்களே, நீங்கள் என்ன சொல்வீர்கள்?

அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்து மனோதத்துவ நிபுணர் மார்ஷா லினெஹானின் கருத்து வேறு. சிலருக்கு உணர்ச்சி சட்டென்று பொங்கும், அடங்க நேரமாகும். அதை ஆளத் தெரியாதது குற்றமல்ல. கற்றுத் தரவேண்டிய வித்தை. 1993-இல் அவர் நூலாக வெளியிட்ட சிகிச்சை முறையைப் பிற்பாடு இளம் பிராயத்தினருக்கும் ஏற்றபடி அமைத்தார்கள்.

இதில் ஒரு விசேஷம்: வகுப்பில் பெண்ணோடு அம்மாவோ அப்பாவோ கூட உட்காரவேண்டும்! ஆத்திரம் தலைக்கேறும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீரில் முகத்தை அமிழ்த்தினால் இதயத் துடிப்புத் தணியும். இது பெண்ணுக்குப் பாடம். (இதய நோயுள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது.) "இதற்கா அழுகிறாய்?" என்று கேட்காமல், "உனக்கு வருத்தமாய்த்தான் இருக்கும்" என்று முதலில் சொல்வது அம்மாவுக்குப் பாடம். இரண்டில் எது கடினம் என்று உங்களுக்கே தெரியும்! வருத்தத்தை ஒப்புக்கொள்வதால், தட்டை வீசியெறிந்ததையும் சரியென்று சொல்லிவிட்டதாக ஆகாது.

தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இம்முறை பலனளிப்பதை 2018-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. ஆகவே, பிள்ளை உயிரை வெறுத்துப் பேசினால் "சும்மா மிரட்டுகிறாள்" என்று இருந்துவிடாதீர்கள். மனநல டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று காய்ச்சலுக்குத் தயங்குகிறோமா? 2022-இல் அரசாங்கம் தொடங்கிய டெலி மானஸ் சேவையில், 14416 என்ற எண்ணில், இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.