கண்ணாடிக்கு அந்தப் பக்கம் – 9: மைக்கை விட்டு இறங்கியவர்

1980-ன் கடைசி மாதங்கள். ‘யெஸ்’ இசைக்குழு பிரிட்டனில் ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தக் குழுவின் குரலாக இருந்த ஜான் ஆண்டர்சன் விலகிவிட்டார். அவர் இடத்தில் பெரிய மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் ஒல்லி மனிதர் நின்றார். ஆண்டர்சனின் குரல் மேல் ஸ்தாயியில் சர்வசாதாரணமாக உலவக்கூடியது. புதியவரோ இரவுக்கிரவு அந்த உயரத்தை எட்டத் திணறினார். நாளாக ஆகத் தொண்டை கட்டிக்கொண்டது. பழைய ரசிகர்கள் முகத்துக்கு நேரே கூச்சல் போட்டார்கள்.

சுற்றுப்பயணம் முடிந்த கையோடு குழுவும் கலைந்துபோனது. திட்டு வாங்கிய அந்தப் பாடகர் ட்ரெவர் ஹார்ன். அடுத்த நான்கே ஆண்டுகளில் பிரிட்டிஷ் பாப் இசையின் ஒலியையே மாற்றி வைத்தவர் அவர்தான். ஆனால் மேடையில் நின்று அல்ல. ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து.

ஹார்ன் 1949-ல் வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் பிறந்தவர். அப்பா பகலில் பால் நிறுவனத்தில் பொறியாளர், இரவில் நடன அரங்குகளில் டபுள் பேஸ் வாசிப்பவர். அப்பாவுக்குப் பதில் மகன் போய் வாசித்த இரவுகளும் உண்டு. இசைக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் பழக்கம் அங்கே வந்தது. எழுபதுகள் முழுக்கக் கூலிக்கு பேஸ் கிடார் வாசித்தே வயிற்றைக் கழுவினார். லெஸ்டர் நகரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் கட்டுவதில் கூடமாட வேலை பார்த்தார். டிஸ்கோ பாடகி டீனா சார்ல்ஸின் பின்னணிக் குழுவில் சேர்ந்தார். அங்கேதான் கீபோர்டு கலைஞர் ஜெஃப் டவுன்ஸ் பழக்கமானார்.

இருவரும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் ‘பகிள்ஸ்’. இன்னொரு நண்பர் புரூஸ் வூல்லியுடன் சேர்ந்து எழுதிய ‘வீடியோ கில்ட் தி ரேடியோ ஸ்டார்’ 1979 அக்டோபரில் பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது. ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்கு முதலிடம் பிடித்துக் கொடுத்த முதல் சிங்கிள் அது. அப்போது ஹார்னுக்கு வயது முப்பது. பாப் நட்சத்திரமாக அறிமுகமாவதற்குக் கொஞ்சம் பிந்திய வயதுதான். பாட்டின் வீடியோவில் கருப்பு உடையில் கீபோர்டு முன் ஒரு ஜெர்மானிய இளைஞர் ஒரு கணம் தலைகாட்டுவார். பின்னாளில் ‘இன்டர்ஸ்டெல்லர்’ படத்துக்கு இசையமைத்த ஹான்ஸ் ஜிம்மர் அவர். 1981 ஆகஸ்ட் 1 அன்று நள்ளிரவு தாண்டி அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியபோது, முதலில் ஒளிபரப்பானதும் இந்த வீடியோதான்.

அந்தப் பாட்டை ஹெட்போனில் ஒருமுறை கேட்டால் ஹார்னின் கை தெரியும். ஆண் குரல் பழைய வால்வு ரேடியோவிலிருந்து வருவதுபோல் ஒடுங்கி, தகரச் சத்தத்தோடு ஒலிக்கும். பெண் குரல்களோ பளிச்சென்று முன்னால் வந்து நிற்கும். பழசும் புதுசும் மோதுகிற கதையை வரிகளுக்கு முன்பே ஒலி சொல்லிவிடும். இந்த ஒரு பாட்டைப் பதிந்து முடிக்க மூன்று மாதமானது.

யெஸ் குழுவின் மேலாளர்தான் பகிள்ஸுக்கும் மேலாளர். அந்தத் தொடர்பில்தான் ஹார்னும் டவுன்ஸும் யெஸ்ஸுக்குள் போனார்கள். ‘டிராமா’ ஆல்பம் வந்தது. பிறகு அந்தச் சுற்றுப்பயணம். அது முடிந்ததும் டவுன்ஸ் ‘ஏஷியா’ என்ற குழுவுக்குப் போய்விட்டார். ஹார்ன் பெரும்பாலும் தனியாளாக முடித்த இரண்டாவது பகிள்ஸ் ஆல்பம், ‘அட்வென்ச்சர்ஸ் இன் மாடர்ன் ரெக்கார்டிங்’, 1981-ல் வந்த சுவடே தெரியாமல் போனது.

இந்த இடத்தில்தான் மனைவி ஜில் சின்கிளேர் உள்ளே வருகிறார். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஜில். சகோதரருடன் சேர்ந்து லண்டனில் ‘சார்ம்’ என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை நடத்திவந்தார். கணவரின் கணக்கையும் தயவுதாட்சண்யம் இல்லாமல் போட்டுக் காட்டினார். பாடகனாக நீ எந்நாளும் இரண்டாம் வரிசைதான். ரெக்கார்டு தயாரிப்பில் இறங்கினால் உலகிலேயே முதல் ஆளாக வரலாம் என்ற பொருளில் ஜில் சொன்னதை ஹார்ன் பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

மேற்கத்திய பாப் இசையில் ‘ரெக்கார்டு புரொட்யூசர்’ என்பவர் நம் சினிமாவைப் போல முதல் போடுகிறவர் அல்ல. எந்தப் பாட்டு, எந்த வேகம், யார் வாசிப்பது, எந்த டேக் ஓகே, கடைசி மிக்ஸில் எது முன்னால் எது பின்னால் என்று முடிவெடுப்பவர். நம் திரையிசையில் இதில் பெரும்பகுதியை இசையமைப்பாளரே பார்த்துக்கொள்வார்.

முதலில் கிடைத்தது ‘டாலர்’ என்ற ஆண்-பெண் ஜோடி. விமர்சகர்கள் ஏறெடுத்தும் பார்க்காத லேசான பாப் பாட்டுகள்தான் அவர்களுடையவை. அவர்களுக்கு ஹார்ன் செய்து கொடுத்த சிங்கிள்கள் திரைப்பட அளவுக்குப் பிரம்மாண்டமாக ஒலித்தன. ஷெஃபீல்டிலிருந்து ‘ஏபிசி’ என்ற இளம் குழு அவற்றைக் கேட்டுவிட்டு ஹார்னைத் தேடி வந்தது. பையன்களுக்குப் பாட்டு எழுத வந்தது. அவர்கள் கற்பனை செய்த துல்லியத்தோடு வாசிக்கத்தான் கை இன்னும் பழகவில்லை.

ஹார்ன் ஒரு வழி கண்டார். பாட்டின் எலும்புக்கூட்டை முதலில் டிரம் மெஷினிலும் சீக்வென்சரோடு இணைத்த சிந்தசைசரிலும் ஏற்றினார். இயந்திரம் தாளம் பிசகாது. பிறகு டிரம்மரை உட்காரவைத்து, அந்த இயந்திரத் தாளத்தின் மேலேயே வாசிக்கச் சொன்னார். அடுத்து பேஸ், அடுத்து கிடார். ஒவ்வொன்றும் பதிவாக ஆக, அடியில் இருந்த இயந்திர ஒலி ஒவ்வொன்றாக நீக்கப்பட்டது. கடைசியில் கேட்பதெல்லாம் மனிதர்கள் வாசித்தது. நிற்பதென்னவோ இயந்திரம் போட்ட கட்டத்தில். மேலே ஆன் டட்லி எழுதிய வயலின் கோர்ப்பு. 1982-ல் வெளியான ‘தி லெக்சிகன் ஆஃப் லவ்’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. சேர்ந்து வாசிப்பதைப் பதிவு செய்வதுதான் ரெக்கார்டிங் என்ற பழைய கணக்கு அங்கே மாறியது. இனி ரெக்கார்டு என்பது துண்டு துண்டாகக் கட்டி எழுப்புகிற சமாச்சாரம்.

கட்டுவதற்கு ஒரு புதிய கருவியும் கையில் இருந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்ற இருவர் உருவாக்கிய ‘ஃபேர்லைட் சிஎம்ஐ’. பச்சை எழுத்து மினுங்கும் திரை, அதில் கோடு போட ஒளிப்பேனா, எட்டு அங்குல ஃபிளாப்பி, ஒரு பியானோ கீபோர்டு. கண்ணாடி உடைகிற சத்தமோ கார் கிளம்புகிற சத்தமோ, எதையும் மைக்கில் பிடித்துக் கட்டைகளில் வாசிக்கலாம். ஒரே நிபந்தனை: தரம் குறையாமல் இருக்க வேண்டுமானால் ஒரு நொடி அளவுக்குத்தான் ஒலி உள்ளே போகும். விலை 18,000 பவுண்டு என்று ஹார்ன் சொல்லியிருக்கிறார். அன்று பிரிட்டனில் இந்தப் பெட்டியை வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

1983-ல் விதி ஒரு வேடிக்கை செய்தது. கலைந்த யெஸ் மீண்டும் கூடி ஹார்னையே கூப்பிட்டது. இம்முறை பாட அல்ல. புதிய கிடார் கலைஞர் ட்ரெவர் ராபினின் டெமோ நாடாவில் இருந்த ஒரு மெட்டு ஹார்னைப் பிடித்து நிறுத்தியது. ‘இது ரொம்ப பாப்’ என்று மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். இந்தப் பாட்டைப் போடுங்கள் என்று மண்டியிட்டு, அவர்களின் கால்சட்டையைப் பிடித்திழுத்துக் கெஞ்சியதாக ஹார்ன் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆண்டர்சனே திரும்பி வந்து அதைப் பாடினார். ‘ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்’ 1984 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அந்நாட்டில் யெஸ்ஸுக்குக் கிடைத்த ஒரே முதலிடம் அதுதான்.

அந்தப் பதிவில் கழித்துப் போட்ட டிரம்ஸ் துண்டு ஒன்றும் வீணாகவில்லை. ஹார்னின் ஒலிப்பொறியாளர் கேரி லாங்கனும் ஃபேர்லைட்டை இயக்கிய ஜே.ஜே. ஜெக்சாலிக்கும் அதை எடுத்துப் பெட்டிக்குள் போட்டு விளையாடினார்கள். அந்த விளையாட்டிலிருந்து ‘ஆர்ட் ஆஃப் நாய்ஸ்’ என்ற குழுவே பிறந்தது.

இதே சமயம் ஹார்னும் ஜில்லும் ஐலண்ட் நிறுவனத்திடமிருந்து லண்டன் பேசிங் தெருக் கூடத்தை வாங்கியிருந்தார்கள். பழைய தேவாலயக் கட்டடம். லெட் செப்பலினும் பாப் மார்லியும் பதிவு செய்த இடம். கூடவே ‘ஸாங் டம்ப் டூம்’, சுருக்கமாக இசட்டிடி, என்ற இசைத்தட்டு நிறுவனம். விளம்பரத்துக்கும் உத்திகளுக்கும் பத்திரிகையாளர் பால் மோர்லியைச் சேர்த்துக்கொண்டார்கள். பகிள்ஸைத் தன் பத்திரிகையில் கிழி கிழியென்று கிழித்தவர் அவர். திட்டுகிறவனுக்கு எழுத வருகிறதே என்று ஹார்ன் வேலை கொடுத்தார்.

இசட்டிடிக்குக் கிடைத்த குதிரை ‘ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட்’ என்ற லிவர்பூல் குழு. ‘தி டியூப்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பார்த்து ஹார்ன் பிடித்துப்போட்டார். ‘ரிலாக்ஸ்’ பாட்டை முதலில் குழுவையே வாசிக்கவைத்தார், திருப்தியில்லை. பாடகர் இயன் டியூரியின் ‘பிளாக்ஹெட்ஸ்’ குழு வாத்தியக்காரர்களை வரவழைத்து மறுபடி பதிந்தார். அதுவும் குப்பைக்குப் போனது. கடைசியில் தன் ஆட்களோடு உட்கார்ந்தார்: ஜெக்சாலிக்கின் ஃபேர்லைட், ஸ்டீவ் லிப்சனின் கிடார், ஆண்டி ரிச்சர்ட்ஸின் கீபோர்டு. வெளிவந்த இசைத்தட்டில் ஃபிராங்கியின் பங்கு ஹாலி ஜான்சனின் குரல் மட்டுமே. மற்றவர்கள் நீச்சல் குளத்தில் குதித்த சத்தத்தைப் பிடித்து உள்ளே சேர்த்ததாகவும் ஒரு கதை உண்டு.

1983 அக்டோபரில் வந்த பாட்டு மெல்ல மெல்ல ஏறியது. ஜனவரியில் பிபிசி ரேடியோ 1 அறிவிப்பாளர் மைக் ரீட் வரிகள் ஆபாசம் என்று போட மறுத்தார். பிபிசி தடை போட்டது. இரண்டே வாரத்தில் ‘ரிலாக்ஸ்’ முதலிடம். அடுத்து அணு ஆயுதப் போர் பற்றிய ‘டூ டிரைப்ஸ்’. அரசின் அணுப்போர் எச்சரிக்கைப் படங்களுக்குக் குரல் கொடுத்த நடிகர் பேட்ரிக் ஆலனையே கூட்டிவந்து அதில் பேசவைத்தார்கள். ஒன்பது வாரம் அது முதலிடத்திலேயே இருந்தது. அந்தக் கோடையில் அதன் கீழே இரண்டாம் இடத்தில் இருந்தது பழைய ‘ரிலாக்ஸ்’. டிசம்பரில் ‘தி பவர் ஆஃப் லவ்’வும் முதலிடம். முதல் மூன்று சிங்கிளும் முதலிடம் பிடித்தது, 1963-ல் இதே லிவர்பூலைச் சேர்ந்த ‘ஜெரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ்’ செய்த சாதனைக்குச் சமம்.

அந்த நவம்பரில் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காகப் பாடகர் பாப் கெல்டாஃப் ‘பேண்ட் எய்ட்’ பாட்டைத் தயாரிக்கச் சொல்லிக் கேட்டார். தனக்கு ஆறு வாரம் வேண்டும் என்றார் ஹார்ன். கெல்டாஃபுக்கு அவ்வளவு அவகாசம் ஏது? பதிலாகத் தன் கூடத்தை ஒருநாள் முழுக்க இலவசமாகத் திறந்துவிட்டார். பாடகர் மிட்ஜ் யூர் தயாரித்தார். பாட்டு பதிவானது அந்தப் பழைய தேவாலயத்தில்தான்.

ஆனால் இந்த வேலைமுறையில் ஒரு கசப்பும் ஊறிக்கொண்டிருந்தது. ரெக்கார்டில் தாங்கள் வாசிக்கவே இல்லை என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியபோது, ஃபிராங்கி பையன்களுக்கு அது அவமானம். ஆர்ட் ஆஃப் நாய்ஸ் கலைஞர்கள் 1985-ல் இசட்டிடியை விட்டுப் போனார்கள். ஹாலி ஜான்சன் தனியாகப் பாட வேறு நிறுவனத்துக்குப் போக முயன்றபோது, இசட்டிடி ஒப்பந்தத்தைக் காட்டி நீதிமன்றம் போனது. 1988-ல் ஜான்சனுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. ஒப்பந்தம் ஒருதலைப்பட்சமானது, ஒருவர் தொழில் செய்யும் உரிமையை நியாயமில்லாமல் கட்டிப்போடுவது என்றது நீதிமன்றம். யாரை வைத்து, எந்தக் கூடத்தில், எவ்வளவு செலவில் பதிவு செய்வது என்ற கடிவாளமெல்லாம் நிறுவனத்தின் கையில். செலவோ கலைஞனின் கணக்கில். பிரிட்டனில் இசை ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞர்கள் இன்றும் கவனிக்கிற தீர்ப்பு அது.

மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவர் படைப்பாளியாகவே மாறும்போது, முன்னால் நிற்பவருக்கு என்ன மிச்சம்? ஃபிராங்கிக்குப் பிறகு ஹார்னைத் தொடர்ந்த கேள்வி இது. பாடகி கிரேஸ் ஜோன்ஸுக்காக 1985-ல் ஒரே பாட்டை விதவிதமாக உருமாற்றி ‘ஸ்லேவ் டு தி ரிதம்’ என்று ஒரு முழு ஆல்பமாகவே ஆக்கினார். கட்டுமானத்தின் உச்சம் அது.

பிறகு வந்த பாடகர் சீல் வேறு ரகம். எந்த மெஷினாலும் மறைக்க முடியாத சாரீரம். 1991-ல் வந்த முதல் ஆல்பத்திலேயே ஹார்னின் அலங்காரமெல்லாம் அந்தக் குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றன. ‘கிஸ் ஃப்ரம் எ ரோஸ்’ பாட்டை எழுதிவிட்டு, பிடிக்காமல் அந்த நாடாவை மூலையில் எறிந்துவிட்டதாகச் சீலே சொன்னதுண்டு. அதை எடுத்து ரெக்கார்டாக்கியவர் ஹார்ன். 1994-ல் சுமாராக ஓடிய பாட்டு, அடுத்த ஆண்டு ‘பேட்மேன் ஃபாரெவர்’ படத்தில் இடம்பெற்றதும் அமெரிக்காவில் முதலிடம் போனது. 1996 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ரெக்கார்டு விருது சீலுக்கும் ஹார்னுக்கும் சேர்ந்தே கிடைத்தது.

பிறகும் வேலை ஓயவில்லை. ரஷ்யப் பெண்கள் இருவரின் ‘டாட்டூ’, ஸ்காட்லாந்தின் ‘பெல் அண்ட் செபாஸ்டியன்’, ராபி வில்லியம்ஸ் என்று பட்டியல் நீள்கிறது. வில்லியம்ஸ் 2009-ல் தன் ஆல்பத்துக்கு ‘ரியாலிட்டி கில்ட் தி வீடியோ ஸ்டார்’ என்று பெயர் வைத்துத் தயாரிப்பாளருக்கே கண்ணடித்தார். 2006-ல் வீட்டில் நேர்ந்த ஒரு விபத்தில் ஜில் நினைவிழந்தார். எட்டு ஆண்டுகள் அப்படியே இருந்து 2014-ல் மறைந்தார். பணம், ஒப்பந்தம், கூடம் எல்லாவற்றையும் அவர்தான் பார்த்துவந்தார்; ஹார்ன் ஒலியை மட்டும் பார்த்துக்கொள்ள முடிந்ததே அதனால்தான்.

2023-ல் சீல் தன் முதல் ஆல்பங்களைக் கொண்டாட வட அமெரிக்காவில் சுற்றுப்பயணம் போனார். அவருக்கு முன்னால் மேடையேறிய குழுவின் பெயர் பகிள்ஸ். எழுபத்து மூன்று வயது ட்ரெவர் ஹார்ன் தன் பாட்டுகளைத் தானே பாடிவிட்டு, சீல் வந்ததும் பேஸ் கிடாரோடு அவர் குழுவில் வாசித்தார்.

*அடுத்த வாரம்: 1977 டிசம்பர் 31 இரவு. நியூயார்க்கின் ‘ஸ்டூடியோ 54’ வாசலில் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பப்பட்ட இரண்டு வாத்தியக்காரர்கள், கோபத்தோடு வீட்டுக்குப் போய் கிடாரை எடுத்தார்கள். அவர்களில் ஒருவர் நைல் ராட்ஜர்ஸ்.*

(தொடரும்)