பழைய கசெட்டும் "4 கே" வியாபாரமும்

பதுளை, பண்டாரவளை, பசறைப் பகுதிகளில் ஸ்டூடியோ நடத்தும் சகோதரர்கள் கவனிக்க வேண்டிய தொழிலொன்று உண்டு. அலுமாரிகளில் கிடக்கும் பழைய படச்சுருள்களையும் வீடியோ கசெட்டுகளையும் கணினிக்கு மாற்றிக் கொடுப்பதே அது. தோட்டத் துரைமார் 8 மி.மீ. கெமராவில் எடுத்தவை, சவூதியிலிருந்து கொண்டுவந்த டெக்கில் போட்டுப் பார்த்த நிக்காஹ் கசெட்டுகள் எனப் பலதும் வரக்கூடும்.

வாடிக்கையாளர் முதலில் கேட்பது, "4 கே ஆக்கித் தருவீர்களா?" என்றுதான். சுமித்ரா பீரிஸின் 1978 ஆம் ஆண்டுப் படமான 'கெஹெனு லமய்' 4 கே தரத்தில் புதுப்பிக்கப்பட்டு, 2025 இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. அது 35 மி.மீ. பிலிம். விபரமெல்லாம் அதில் முன்னரே பதிந்திருந்தது. ஸ்கேனர் அதை ஒவ்வொரு சட்டகமாகப் படம் பிடித்து வெளியே கொண்டுவருகிறது.

கசெட்டின் கதை வேறு. 4 கே என்பது குறுக்கே 3,840, நெடுக்கே 2,160 புள்ளிகள். வீ.எச்.எஸ். கசெட்டில் குறுக்கே இருப்பதோ சுமார் 240 கோடுகளின் விபரம் மட்டுமே. மீதியைக் கணினி ஊகித்து வரைகிறது. படம் பளபளக்கும், ஆனால் "இது வாப்பாவின் முகமில்லையே" என்று பிள்ளைகள் சொல்லும் நிலையும் வரும். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தை நபி (ஸல்) அவர்கள் கண்டுபிடித்த சம்பவம் வியாபாரிகளாகிய எமக்குத் தெரியாததல்ல. எனவே, உள்ளபடி மாற்றியதற்கு ஒரு விலை, கணினியால் பெருப்பித்ததற்கு வேறு விலை என்று பில்லிலேயே பிரித்து எழுதுங்கள்.

8 மி.மீ. சுருளுக்கும் 4 கே பெரும்பாலும் வீண்செலவுதான். அதில் வேகமே முக்கியம். செக்கனுக்கு 16 அல்லது 18 சட்டகம் வீதம் எடுத்ததை 25 இல் ஓட்டினால் மாப்பிள்ளை ஓட்டமாய் ஓடுவார்! சுவரில் படத்தைக் காட்டி போனால் எடுத்துக் கொடுப்பதை ஸ்கேன் என்று சொல்லாதீர்கள்.

ஸ்கேனர் விலை கூடிய சாமான். கசெட்டில் தொடங்குவதே புத்தி. 3 மணித்தியாலக் கசெட்டைப் பதிய 3 மணித்தியாலமே செல்லும். கூலியை அந்தக் கணக்கில் போடுங்கள். பழைய டெக் கிடைத்தால் விடாதீர்கள். கடைசிவரை அதைத் தயாரித்த ஜப்பானின் புனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

மலைநாட்டு ஈரத்தில் கசெட்டுக்குப் பூஞ்சணம் பிடிக்கும். அதைத் துப்புரவாக்காமல் டெக்கில் போட்டால் அடுத்தவரின் கசெட்டும் கெடும். சுருளில் வினாகிரி வாடை அடித்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை மற்றச் சுருள்களிலிருந்து பிரித்து வைத்து, முதலில் மாற்றுங்கள். வேலை முடிந்ததும் மூலத்தைக் கட்டாயம் உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள். நாளை இதைவிட நல்ல ஸ்கேனர் வந்தால் அவருக்கு அது மீண்டும் தேவைப்படும்.