அரக்கனைக் கொன்றால் பத்து, பெட்டியைத் தூக்கினால் எண்ணூறு!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதலில் இன்ஸ்டால் ஆவது பெரும்பாலும் ஏதாவது ஒரு கேம்தான். அது ரோல் பிளேயிங் வகை என்றால், 'எக்ஸ்பி' என்று ஓர் எண் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட், அதாவது அனுபவப் புள்ளி. போதுமான அளவு சேர்ந்தால் உங்கள் வீரன் அடுத்த லெவலுக்குப் போவான். 1996-ல் வந்த டயாப்லோ விளையாடிப் பழகிய எனக்கு, புள்ளி என்றால் கொலை. அவ்வளவுதான் தெரியும்.

ப்ராஜெக்ட் வேலைக்காக அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்துக்குப் போனபோதுதான், இந்த எண் காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தது என்று தெரிந்துகொண்டேன். 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு அதே விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனிவா ஊரிலிருந்து வெளிவந்தது. திரை கிடையாது. மேஜை, பேப்பர், பகடை போதும். நடுவராக ஒருவர் உட்கார்ந்து சுரங்கத்தை வர்ணிப்பார். மற்றவர்கள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும்.

உடன் வேலை செய்த நண்பர் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் ஆட்டம். நடுவர் அவர்தான். கையில் 1981-ஆம் ஆண்டுப் பதிப்பு விதிப்புத்தகம். அவருடைய பதினொரு வயது மகள் மூன்று மாதமாக ஒரு திருடன் பாத்திரத்தை வளர்த்து வந்தாள். திருடன் இரண்டாம் லெவலுக்குப் போக 1200 புள்ளி வேண்டும். அவளிடம் 1150 இருந்தது.

ஒரு கதவுக்குப் பின்னால் 'ஆர்க்' என்ற அரக்கர்கள் ஆறு பேர் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பெட்டி. நான் யோசிக்கவே இல்லை. கதவை உதைத்தேன். பத்து நிமிடத்தில் என் வீரனும் அவளுடைய திருடனும் செத்துப்போனார்கள். மற்ற இருவர் தப்பி ஓடினார்கள். அந்தப் பெண் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அப்புறம்தான் நண்பர் விதியைக் காட்டினார். ஓர் ஆர்க்கைக் கொன்றால் 10 புள்ளி. ஆறையும் கொன்றிருந்தால் 60. நாலு பேர் பங்கிட்டால் தலைக்கு 15. ஆனால் சுரங்கத்திலிருந்து வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு தங்கக் காசுக்கும் ஒரு புள்ளி! பெட்டியில் இருந்தது 800 காசு. தலைக்கு 200. சண்டையே போடாமல் அதை எடுத்திருந்தால் அவள் லெவல் ஏறியிருப்பாள்.

அடுத்த வாரம் இருவரும் புதுப் பாத்திரங்களோடு உட்கார்ந்தோம். திட்டம் அவளுடையது. பக்கத்துத் தாழ்வாரத்தில் ஈர வைக்கோலைக் கொளுத்தி, 'தீ! தீ!' என்று கத்தினோம். அரக்கர்கள் அந்தப் பக்கம் ஓட, நாங்கள் இந்தப் பக்கம் புகுந்தோம். இங்கே இன்னொரு சிக்கல். பத்துக் காசு ஒரு பவுண்ட் எடை. 800 காசு என்றால் 80 பவுண்ட், கிட்டத்தட்ட 36 கிலோ. சுமை ஏறினால் நடை குறையும். விளையாட்டுக் கணக்கில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நடுவர் பகடை உருட்டுவார். ஒன்று விழுந்தால் சுற்றித் திரியும் மிருகம் ஏதாவது எதிரே வரும். அதனிடம் பெரும்பாலும் காசு இருக்காது, அடி மட்டும்தான் மிச்சம். மூலையில் 2000 செப்புக் காசு குவிந்து கிடந்தது. அவள் தொடவிடவில்லை. 200 பவுண்ட் எடைக்கு மொத்தம் 20 புள்ளிதானாம்!

பிற்காலத்தில் இந்த விதி தேய்ந்துவிட்டது. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்றானது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் தங்கத்துக்குப் புள்ளியே இல்லை. கம்ப்யூட்டர் கேம்களும் பெரும்பாலும் கொலைக்கணக்கையே பிடித்துக்கொண்டன. புரோகிராம் எழுதுபவன் என்ற முறையில் காரணம் எனக்குப் புரிகிறது. எதிரியின் உயிர் பூஜ்யமானால் புள்ளியைக் கூட்டு என்பது ஒரு வரி வேலை. வைக்கோலைக் கொளுத்தியது நல்ல யோசனையா என்று தீர்மானிக்க நடுவர் வேண்டும். 1987-ல் வெளியான இலவச கேம் நெட்ஹேக்கை உங்கள் கம்ப்யூட்டரிலும் போட்டுப் பாருங்கள். அதிலும் அனுபவப் புள்ளி பெரும்பாலும் கொன்றால்தான் வரும். தங்கம் கடைசி ஸ்கோரில் மட்டும் சேரும்.

பழைய விதியில் வீட்டில் ஆட நினைத்தால் கணக்குக்கு எக்செல் போதும். செம்பு, வெள்ளி, தங்கம் என மூன்று செல்கள். நான்காவதில் செம்பை 100-ஆலும் வெள்ளியை 10-ஆலும் வகுத்து, தங்கத்தோடு கூட்டி, ஆட்கள் எண்ணிக்கையால் வகுக்கும்படி ஃபார்முலா கொடுங்கள். நான் போட்டுக் கொடுத்ததும் அந்தப் பெண் செம்பில் 10,000 என்று அடித்தாள். நாலு பேருக்குத் தலைக்கு 25 என்று வந்தது. இதை யார் தூக்குவது என்று கேட்டாள். காசுகளைக் கூட்டி 10-ஆல் வகுக்கும் ஐந்தாவது செல்லை அதற்குப் பிறகுதான் சேர்த்தேன்.