‘பஞ்சாயத்து அப்ரூவல்’ மனை வாங்கப் போகிறீர்களா?

நகரத்தை ஒட்டிய கிராமங்களில் மனை பார்க்கப் போனால், "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார், தைரியமா வாங்கலாம்" என்பார் தரகர். ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் பதித்த ஒரு வரைபடத்தையும் விரித்துக் காட்டுவார். அதை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். விளைநிலத்தை மனைகளாகப் பிரிக்க ஊராட்சி மட்டும் ஒப்புதல் தர முடியாது. நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபி, சென்னைப் பெருநகர எல்லைக்குள் என்றால் சிஎம்டிஏ, முதலில் ஒப்புதல் தரவேண்டும். ஊராட்சியின் அனுமதி அதற்குப் பிறகுதான்.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது. மறு ஆண்டு, அத்தகைய மனைகளை முறைப்படுத்த அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. ஆனால் அது 20.10.2016க்குப் பிறகு பிரித்த மனைகளுக்கு உதவாது. ஏற்கெனவே மனையாகப் பதிவானதை மறுபடி பதிய சட்டத்தில் விலக்கு உண்டு. ஆகவே, ‘பத்திரம் பதிவாகிவிட்டதே’ என்பதும் அங்கீகாரத்துக்கு அத்தாட்சி ஆகாது.

பலரும் யோசிக்காத ஆபத்து சாலைதான். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகளை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் உங்கள் வீட்டு வாசலில் உள்ள சாலை, பத்திரப்படி விற்றவர் பெயரிலேயே இருக்கும். நாளை அவரோ அவர் வாரிசோ வேலி போட்டால், நீங்கள்தான் நீதிமன்றப் படி ஏற வேண்டும். தானப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தயங்குகிறவரிடம் மனை வாங்க வேண்டாம்.

ஒப்புதல் எண்ணைத் துண்டறிக்கையில் பார்த்துத் திருப்தி அடையாமல், மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் சர்வே எண்ணோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். நிலம் யார் பெயரில் உள்ளது என்பதைத்தான் பட்டா காட்டும். அந்த நிலத்தில் வீடு கட்டலாமா என்பதைச் சொல்லாது. முழுமைத் திட்டம் உள்ள பகுதியில் அது விவசாய உபயோகம் என்று குறிக்கப்பட்டிருந்தால், நில உபயோக மாற்றம் தேவை. அருகில் ஏரி, வாய்க்கால் இருந்தால், மனை நீர்நிலைப் புறம்போக்கில் இல்லை என்று உறுதிசெய்ய கிராம ‘அ’ பதிவேட்டையும் பார்த்துவிடுவது நல்லது.

வீடு கட்ட இப்போது கொஞ்சம் எளிது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையவழியே அனுமதி கிடைக்கிறது. விதிமீறலுக்கான பொறுப்பு உங்களுடையது.

ஏமாந்துவிட்டால்? 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதியாமல் விற்பது குற்றம். அங்கே புகார் செய்யலாம். சாலை, வடிகால் செய்து தருவதாகச் சொல்லி விற்றிருந்தால், இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். சார்பதிவாளர் பதிவை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம் உண்டு.