ஸ்கேனில் பெருசா தெரிந்தால் கட்டி வளர்ந்துவிட்டதா?



இந்த வார எபிசோடில் மூளைக் கட்டிக்கான புது மருந்துகளைப் பற்றிப் பேசினோம். அந்த மருந்து வேலை செய்யுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அதை இங்கே எழுதுகிறேன்.

கிளியோபிளாஸ்டோமா மூர்க்கமான கட்டி. 2005-இல் வந்த பெரிய ஆய்வில், கதிர்வீச்சோடு டெமோசோலமைடும் கொடுத்தபோது இடைநிலை ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது. அவ்வளவுதான். இப்படி மாதக்கணக்கில் எண்ணும் நோயில் ஸ்கேனைத் தப்பாகப் படித்தால், பலன் தரும் மருந்தையே நிறுத்திவிட நேரும்.

எம்.ஆர்.ஐ-யில் வெள்ளையா மின்னுவதுதான் கட்டி என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஊசியில் ஏற்றிய கெடோலினியம். ஆரோக்கியமான மூளையில் அது ரத்தக்குழாயைத் தாண்டாது. குழாய் பழுதான இடத்தில் வெளியே கசியும். ஆக, நாம் பார்ப்பது கசிவை. கட்டியாலும் கசியும், கதிர்வீச்சு உண்டாக்கிய பாதிப்பாலும் கசியும். அதனால் சிகிச்சை பலித்தும் படம் பெரிதாகலாம். இதுதான் ‘பொய் வளர்ச்சி’. கதிர்வீச்சு முடிந்து 12 வாரத்துக்குள், கதிர் பட்ட இடத்திலேயே படம் பெரிதானால், அதை மட்டும் வைத்து நோய் முற்றிவிட்டதாக முடிவு கட்டக்கூடாது என்று 2010-இல் வந்த ரானோ விதிகள் சொன்னது இதனால்தான்.

தலைகீழாகவும் நடக்கும். எனக்கு அதுதான் இன்னும் பயம். பெவசிசுமாப் மருந்து கசிவைக் குறைக்கும். படம் பளிச்சென்று சுத்தமாகும். திரும்பி வந்த கட்டிக்கு 2009-இல் அமெரிக்கா, படம் சுருங்கியதை வைத்து, துரித அனுமதி கொடுத்தது. அதே ஆண்டு ஐரோப்பா மறுத்தது! புதிதாக நோய் கண்டவர்களிடம் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2014-இல் வெளியாயின. இரண்டிலும் ஆயுள் கூடவில்லை.

சரி, கசிவை விட்டுட்டு செல்லையே பார்க்க முடியாதா? அதற்குத்தான் மெத்தியோனைன் பெட் ஸ்கேன். வளரும் செல்கள் இந்த அமினோ அமிலத்தை அதிகமா இழுக்கும். அதில் கார்பன்-11 சேர்த்து அனுப்பினால் அந்த இடம் தெரியும். ஆனா 20 நிமிடத்தில் கதிரியக்கம் பாதியாகிவிடும், சைக்ளோட்ரான் பக்கத்திலேயே வேணும். படத்தின் விளிம்பும் மங்கல். இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகக் கோடு போட்டால், சுருங்கியது கட்டியா, கோடா?

நான் இருக்கும் பலேர்மோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் செஃபாலூ. எல்லாரும் கடலுக்காக இறங்குற ஊர். அங்கே இத்தாலிய தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்கள் இந்த விளிம்பைத்தான் பிடித்துக்கொண்டார்கள்: மெத்தியோனைன் படத்தில் கட்டியின் எல்லையைத் தானாகவே வரையும் மென்பொருள்.

உங்க வீட்டில் யாருக்காவது இப்படி ரிப்போர்ட் வந்தால், டாக்டரிடம் முதலில் கேளுங்கள்: கதிர்வீச்சு முடிந்து எத்தனை வாரம் ஆச்சு?