மனிதக் குரங்குக்கு எவ்வளவு பலம்?

வண்டலூர் உயிரியல் பூங்காவில் சிம்பன்சியைப் பார்த்திருக்கிறீர்களா? உருவத்தில் மனிதனைவிடச் சிறியதுதான். ஆனால் பலத்தில்?

மனிதனைப்போல் ஐந்து மடங்கு என்று முன்பு சொன்னார்கள். அது மிகை! எடைக்கு எடை பார்த்தால், இழுப்பதிலும் தாவுவதிலும் சுமார் ஒன்றரை மடங்குதான். 2017-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் இதை வெளியிட்டார்கள்.

காரணம் என்ன? சிம்பன்சியின் தசையில் மூன்றில் இரண்டு பங்கு, வேகமாகச் சுருங்கும் இழைகள். அவை சட்டென்று பலம் தரும், சீக்கிரம் களைத்துவிடும். மனிதனின் தசையில் மெதுவாகச் சுருங்கும் இழைகளே அதிகம். அவை எளிதில் களைக்காது.

திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் காலை முதல் மாலை வரை நின்றே துணி வெட்டுகிறார். அதற்குக் கைகொடுப்பது இந்தப் பலம்தான்! ஆனால் தசை இரும்பல்ல. நேரத்துக்குச் சாப்பாடும் இரவுத் தூக்கமும் குறைந்தால் அந்தப் பலமும் குறையும்.