‘போ’ன்னாலும் போகாத புரோகிராம்!

தமிழ்நாட்டில் 2011-ல் மாணவர்களுக்கு இலவச லாப்டாப் கொடுக்க ஆரம்பித்தார்களே, அதில் விண்டோஸோடு ‘பாஸ் லினக்ஸ்’ என்று இன்னொன்றும் சேர்ந்து வந்தது, ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனதும் அந்தப் பெட்டி பல வீடுகளில் நம் கைக்கு வந்துவிட்டது. மளிகைக் கணக்கு, குழந்தையின் தடுப்பூசித் தேதி, போட்டோக்கள் எல்லாம் அதற்குள்ளேதான். எல்லாம் நல்லாத்தான் ஓடும். திடீர்னு ஒருநாள் ஒரு புரோகிராம் அசையாமல் நின்றுவிடும். மூடினால் மூடாது, விரட்டினால் போகாது!

லினக்ஸில் ஓடுகிற ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நம்பர் உண்டு. ‘கில்’ என்று எழுதி அந்த நம்பரைப் போட்டால், 15 என்கிற உத்தரவு அதற்குப் போகும். “கையில் இருக்கிறதை ஒழுங்கா வச்சுட்டுக் கிளம்பும்மா” என்று தன்மையாகச் சொல்கிற மாதிரி. அதற்கும் மசியாவிட்டால் 9. அது கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது. 9-ஐ மறுக்க எந்தப் புரோகிராமுக்கும் உரிமை கிடையாது.

அப்படியிருந்தும் சிலது போகாது. ஏன்?

ரேஷன் கடைக்கு அனுப்பின பையனை வாசலில் நின்று கூப்பிடுகிறோம். அவன் கியூவில் நிற்கிறான். நம் குரல் அவன் காதில் எப்படி விழும்? அது மாதிரிதான், டிஸ்க்கிடம் ஏதோ கேட்டுவிட்டு, பதில் வருகிறவரை எந்தக் குரலுக்கும் எழுந்திருக்காமல் கிடக்கும் புரோகிராம். இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. நடுவில் அதைக் கொன்று, அதன் இடத்தை வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டால், டிஸ்க் கொண்டுவந்து கொட்டும் சரக்கு யார் தலையில் விழும்? 2008-ல் வந்த 2.6.25 பதிப்பிலிருந்து சிலவகைக் காத்திருப்பில் 9 மட்டும் காதில் விழும்படி செய்தார்கள். எல்லாவற்றிலும் இல்லை.

‘பி.எஸ்.’ என்ற கட்டளை கொடுத்தால் வருகிற பட்டியலில், நிலைமையைக் காட்டும் பத்தியில் ஒற்றை எழுத்து இருக்கும். ‘டி’ என்றால் மேலே சொன்ன கியூ. ‘இஸட்’ என்றால் கதையே வேறு. பந்தியில் சாப்பிட்டவர் எழுந்து போய்விட்டார், எச்சில் இலை மட்டும் கிடக்கிறது! செத்ததை மறுபடி எப்படிக் கொல்வது? அதைப் பெற்ற தாய்ப் புரோகிராம்தான் இலையை எடுக்கணும். தாய் சோம்பேறியாக இருந்தால், தாயை மூடுங்கள். அப்புறம் முதல் நம்பர் புரோகிராம், வீட்டுக்குப் பெரியவளாக வந்து எடுத்துப் போட்டுவிடும். ஓரிரண்டு இலை கிடந்தால் கெடுதலும் ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது ‘டி’க்குத்தான். எங்கள் மாடி வீட்டுப் பெண், குழந்தையின் முதல் வருஷப் போட்டோக்களை மெமரி கார்டிலிருந்து வெளி டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். பாதியில் நின்றுவிட்டது.

“ஒன்பது போட்டும் போகலைக்கா! பிளக்கைப் பிடுங்கிடட்டுமான்னு கேக்கறார் இவர்.”

பேட்டரி செத்த லாப்டாப். பிடுங்கினால் அப்படியே அணைந்துவிடும்.

“கார்டிலேர்ந்து அழிச்சாச்சா?” என்றேன்.

“பாதி அழிச்சுட்டேன்க்கா. முடிஞ்சுதுன்னுதானே காட்டிச்சு!”

வயிற்றைக் கலக்கியது எனக்கு. ‘முடிந்தது’ என்று காட்டினாலும் சரக்கு கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரின் நினைவில்தான் இருக்கும், மெதுவாகத்தான் டிஸ்க்கில் இறங்கும். அப்போது கரண்ட் போனால் அந்தப் போட்டோக்கள் எங்கேயும் இருக்காது. பேர் வைத்தது, முதல் பல், எல்லாம்.

எழுத்தைப் பார்த்தேன். ‘டி’தான். காத்திருப்பது யாருக்காக? ‘டிமெசேஜ்’ என்ற கட்டளை, கம்ப்யூட்டர் தனக்குத்தானே எழுதிவைக்கும் குறிப்புகளைக் காட்டும். இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஒன்று இப்படிக் கிடந்தால் சாதாரணமாக அதுவும் அங்கே பதிவாகும். வெளி டிஸ்க் விழுந்து எழுந்து விழுந்து எழுந்து தவிப்பதாக வரி வரியாக இருந்தது. பார்த்தால், ஒரே யு.எஸ்.பி. ஹப்பில் டிஸ்க், சின்ன மின்விசிறி, சார்ஜ் ஏறும் போன் மூன்றும்! டிஸ்க்குக்குப் போதுமான கரண்ட் எங்கிருந்து கிடைக்கும்? போனையும் விசிறியையும் கழற்றச் சொன்னேன். டிஸ்க்கைத் தொடவிடவில்லை. கொஞ்ச நேரத்தில் டிஸ்க் விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. புரோகிராமும் தானே மறைந்தது. முன்னாடி கொடுத்த 9, அது கண்விழிக்கட்டும் என்று காத்திருந்ததே! போட்டோக்களை எண்ணிப் பார்த்தாள், அழித்தவை எல்லாம் டிஸ்க்கில் இருந்தன. மிச்சம் கார்டிலேயே பத்திரம்.

விண்டோஸிலும் ‘எண்ட் டாஸ்க்’ அழுத்தியும் போகாதது பெரும்பாலும் இதே மாதிரி எதற்காவது காத்திருப்பதுதான்.

எதுவுமே பலிக்காவிட்டால் மறுபடி கிளப்பத்தான் வேண்டும். சாதாரண ஷட்டவுனும் அந்த முரட்டுப் பிள்ளைக்காகத் தொங்கும். பல லினக்ஸ்களில் ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்க்ரீன் பொத்தானையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி எழுத்துகளைச் சில விநாடி இடைவெளி விட்டு அழுத்தலாம். எஸ் நினைவில் உள்ளதை டிஸ்க்கில் இறக்கப் பார்க்கும், யு டிஸ்க்கில் மேற்கொண்டு எழுதவிடாமல் பூட்டும், பி திரும்பக் கிளப்பும். கிளம்பும்போது டிஸ்க்கைச் சரிபார்க்க நேரம் எடுக்கலாம். அப்போது சுவிட்சில் கை வைக்காதீங்க. அடுப்பில் காப்பிக்குத் தண்ணி வச்சுட்டு வாங்க.